கிளினிக் குளிசை

அன்று காலை ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தவர்கள்: என் மனிசன், கட்டிலில். அவருடைய தங்கை, கால்மாட்டில். நான், கதிரையில். டொக்டர், நின்றபடி.

மனிசனுக்கு ஈரல் சுருங்கிய வருத்தம். குடியை விட்ட பிறகுதான் தெரிய வந்தது. உடம்பு நோவுக்குக் கடையில் குளிசை வாங்கிப் போடக்கூடாது என்று கிளினிக்கில் முதலே சொல்லியிருந்தார்கள். நாங்கள் வாங்கவில்லை.

வாட்டுக்கு வர மூன்று கிழமை முன் அக்கராயனில் எங்கள் வயலுக்கு நெல் வெட்டு மெசின் வந்தது. ஒவ்வொரு வயலாக முறைப்படிதான் வரும். எங்கள் முறையை விட்டால் நெல் கொட்டிப்போகும். அவர் இரண்டு நாள் மூட்டை தூக்கினார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்தார்.

என் முழங்காலுக்குக் கிளினிக்கில் தந்த குளிசை உறையோடு இருந்தது. எங்கள் பக்கம் உப்பு, புளி மாதிரி கிளினிக் குளிசையும் கொடுத்து வாங்குவோம். கடைக் குளிசைதானே கூடாது, இது கிளினிக் குளிசை என்று நினைத்தேன். கொடுத்தேன். நோ நின்றது. பிறகும் கொடுத்தேன்.

வாட்டுக்கு வந்த அன்று விடியக் கோப்பித்தூள் மாதிரிக் கறுத்த இரத்தமாய்ச் சத்தி எடுத்தார்.

“ஈரல் பழுதானால் உடம்பு உள்ளுக்க துருப்பிடிக்கிற மாதிரி அரிபடும்,” என்றார் டொக்டர். “இரைப்பைத் தோலும் மெலிஞ்சு போகும். சும்மாவே இரத்தம் கசியும்.”

“எங்கட வீட்டுத் தகரம் மாதிரி,” என்று மனிசன் சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

“நோவுக்குப் போடுற குளிசை அதை இன்னும் புண்ணாக்கும். ஏதும் போட்டனீங்களோ, ஐயா?”

“ஓம். நான்தான் எடுத்துப் போட்டனான்.”

தங்கை பாய்ந்தாள். “உனக்கென்ன விசரே அண்ணை? மச்சாளிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!”

“கேட்டால் அவா தரமாட்டா.” என் பக்கம் அவர் திரும்பவில்லை.

“நான்தான் குடுத்தனான்,” என்றேன்.



டொக்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். “இரத்தம் ஏத்திறம், அம்மா. கசிவு நிண்டாலும் ஈரல் இனித் தாங்காது. பிள்ளையளுக்கு அறிவியுங்கோ. எத்தினை குளிசை போட்டவர்?”

பையிலிருந்து உறையை எடுத்தேன். முப்பது தந்திருந்தார்கள். என் முழங்காலுக்கு நான் ஒன்றும் போடவில்லை. கட்டில் விரிப்பில் கொட்டி எண்ணினேன். பதினொன்று கிடந்தது.

பத்தொன்பது.