தேயிலைத்தூள் டின்னில் அம்மா

அப்பா மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. ஆனாலும் பதுளையில் என் வீட்டு மேசையில் ஸ்கேனரைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். உலகத்தில் யாராவது பிலிம் நெகட்டிவைத் தேயிலைத்தூள் டின்னில் போட்டு வைப்பார்களா?

அப்பா வைத்தார். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில் ஈரம் சுவரில் ஊறும், பாயில் ஊறும், எதை வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது லயத்துக்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஈரம் அண்டவில்லை, அது உண்மைதான். ஆனால் டின்னை எடுக்கும்போதும் வைக்கும்போதும் தூள் உருண்டு உருண்டு பிலிமைக் கீறித் தள்ளியிருக்கிறது.

அந்த ஒரு துண்டில்தான் அம்மா இருக்கிறாள். எனக்கு இரண்டு வயது ஆகும் முன்பே இறந்துவிட்டாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. அடையாள அட்டைக்காக எடுத்ததைத் தவிர அவளுக்கு வேறு படமும் கிடையாது. அட்டை தொலைந்துபோன பிறகு, படக்காரரிடம் கெஞ்சி அப்பா இந்த நெகட்டிவை வாங்கி வந்தாராம். இந்த வருடத் திதிக்காவது அம்மா படத்துக்கு ஒரு மாலை போட வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

அந்தப் படக்காரர் ஒரு சிக்கனப் பேர்வழி. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, பெஞ்சில் மூன்று பேரை நெருக்கி உட்காரவைத்து ஒரே படமாக எடுப்பார். பிறகு கழுவிய படத்தைக் கத்தரியால் வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். நடுவில் அம்மா. பிலிமில் அவள் முகம் ஒரு பயறளவுதான். அதைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு தூசியும் சுண்டைக்காய் மாதிரி வந்து நிற்கிறது.

ஸ்கேனர் விற்றவர், “தூசியெல்லாம் அதுவே எடுத்துரும் சேர்” என்றார். எடுக்கும், கலர் பிலிமாக இருந்தால். கறுப்பு வெள்ளைக்கு அது உதவாது என்பதை வாங்கிய பிறகு நானாகத் தெரிந்துகொண்டேன். ஊதினேன், மெல்லிய தூரிகையால் தட்டினேன். ஒரு தூசி போனால் வேறு இரண்டு வந்து ஒட்டின. வெறுத்துப்போய், கணினியிலேயே ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்தேன். வெள்ளைப் புள்ளி என்றால் தூசி, கறுப்புக் கோடு என்றால் கீறல். கண் எரிய எரிய அழித்தேன். மூக்கின் மேல் மின்னிய ஒரு வெள்ளைப் புள்ளியை மட்டும் விட்டுவைத்தேன். மூக்குத்தியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

அக்கா பஸ் ஏறி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அம்மா மாதிரித்தான் இருக்கு. ஆனா மூக்குல என்னாடா இது?”

“மூக்குத்திக்கா.”

“மூக்குத்தி ஏது? அது கொழுந்து எடுக்கையில தேயிலைக்குள்ள விழுந்து தொலைஞ்சுபோச்சு. ஓட்டை தூந்துறக் கூடாதுன்னு வெளக்குமாத்து ஈர்க்க ஒடிச்சுச் சொருகியிருந்துச்சு. சாகுற வரைக்கும் அதான். படம் புடிக்கையில நான் பக்கத்துல நின்னேனே.”

முதலில் ஸ்கேன் செய்ததைத் திறந்தேன். மூக்கின் மறுபக்கத்தில் குட்டியாக ஒரு கறுப்புக் கோடு. கீறல் என்று நினைத்து நான் அழித்தவற்றில் அதுவும் ஒன்று. தூசியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அம்மாவின் ஈர்க்கைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இன்னும் அவளுடையது எதையெதை அழித்தேனோ, யார் கண்டது?

அத்தனை நாள் வேலையையும் தூக்கிப் போட்டேன். திரை முழுக்கப் பழையபடி புள்ளியும் கோடுமாக இருந்தது. அக்கா அதைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதான்டா அம்மா” என்றாள். பிறகு கன்னத்துக்குக் குறுக்கே ஓடிய நீளக் கோட்டைக் காட்டி, “இது மட்டும் போகாதா தம்பி?” என்று கேட்டாள்.

அது கீறல்தான். அழிப்பது அரை நிமிட வேலை. ஆனால் அம்மாவைப் பார்த்தறியாத நான் இனி அந்த முகத்தில் கை வைக்கப் பயந்தேன்.

“போகாதுக்கா” என்றேன்.