ஒரே பேப்பர், இரண்டு சம்பந்தி

என் கல்யாணம் ஒரு செய்தித்தாளால் நின்றுபோகப் பார்த்தது. சிரிக்காதீர்கள்.

அறுபத்தேழில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் சண்டை மூண்ட வாரம் அது. கல்யாணத்துக்கு நாள் பேச என் நைனாவும் பெண்ணின் அப்பாவும் கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில் சந்தித்தார்கள். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. நெல் மிஷின் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடைக்காரர் வாங்குவது ஒரே பேப்பர். நாலு பேர் ஒரே நேரத்தில் படிக்கட்டுமே என்று தாள் தாளாக உருவிக் கொடுத்துவிடுவார். முன்தாள் நைனாவிடம் வந்தது. அதில் இஸ்ரேல் சொன்ன செய்தி. உள்தாள் பெண்ணின் அப்பாவிடம், அதாவது என் மாமாவிடம் போனது. அதில் அரபுக்காரர்கள் சொன்னது. விதி பாருங்கள், நைனா அரபுக் கட்சி, மாமா இஸ்ரேல் கட்சி.

"பார்த்தீங்களா சம்பந்தி, பேப்பர்காரன் இஸ்ரேல்கிட்ட டப்பு வாங்கிக்கினு எழுதறான்!" என்றார் நைனா.

"இன்னா பேசறீங்க? பூரா அரபுக்காரனுக்கு இல்ல ஜால்ரா போட்டுக்கினு கீறான்!"

"உங்களுக்குக் கண்ணு தெரியல போல."

அவ்வளவுதான். மாமா வெற்றிலைப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் பாய்ந்து இரண்டு தாளையும் சேர்த்துக் கொடுத்து, முழுசாகப் படிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். உள்பக்கத்தில் ஒரு படம் இருந்தது. பாலஸ்தீனக்காரர்கள் மூட்டையும் பிள்ளைகளுமாக வீட்டை விட்டு நடந்துகொண்டிருந்தார்கள். பெரியவர்கள் அதைத் தாண்டிப் படித்தார்கள்.

"முழுசா படிச்சா இன்னும் மோசம். இஸ்ரேல் பேப்பர்தான்" என்றார் நைனா. "அரபுப் பேப்பர்" என்றார் மாமா.

"பேப்பர் மோசம்னு ரெண்டு பேருமே சொல்றீங்க. அப்புறம் இன்னாத்துக்குச் சண்டை?" என்றார் கடைக்காரர்.

மாமா சிரித்துவிட்டார். பேப்பர்காரனைச் சேர்ந்து திட்டியபடியே ஆவணியில் நாள் குறித்தார்கள். இனி அந்தப் பேப்பரைத் தொடுவதில்லை என்று சபதம் வேறு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாணம் முடிந்து ஒருநாள் மாமா விருந்துக்கு வந்திருந்தார். நான் அந்தப் படத்தைப் பற்றி என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் சோறு போட்டுக்கொண்டே நைனாவையும் மாமாவையும் கேட்டாள்: "ஊட்டை உட்டுப் போனாங்களே, அந்த ஜனங்க திரும்பி வந்துட்டாங்களா?"

எனக்கும் தெரியாது. வெட்கமாக இருந்தது.

"பேப்பர்காரன் ஒழுங்கா எழுதினாத்தானே நமக்குத் தெரியும்?" என்றார் நைனா.

"அதானே" என்று மாமா ரசத்துக்கு உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.