மரம் நடாத மூலை

வெள்ளானூரில் வீடு கட்டிக் குடிவந்த கோடையில்தான் அதை முதலில் பார்த்தேன். எதிரே பூங்காவுக்கென்று விட்டிருந்த இடம் வெறும் பொட்டல். சரளை மண்ணும் நாலைந்து ஆவாரஞ்செடியும்தான். மாடியில் துணி காயப்போடும்போது, கீழே ஒரு கல்லின் மேல் ஏதோ பளிச்சென்றது. வாலை விட்டுவிட்டால் விரல் நீளம்கூட இருக்காது. தொண்டையை விசிறிபோல் விரித்தது, மூடியது, மறுபடி விரித்தது. விசிறித்தொண்டை ஓணான் என்று போனில் தேடித் தெரிந்துகொண்டேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரை வண்டியோட்டச் சொல்லி, ஆவடிவரை காலி மனைகளைச் சுற்றினேன். "ஊர்ல எல்லாரும் மனை பாக்க வராங்க, நீ ஓணான் பாக்க வர்ற" என்று சிரிப்பார். வெயில் விழும் வெற்றுத் தரையில் அது இருந்தது. நிழல் அடர்ந்த இடத்திலோ புல் மண்டிய இடத்திலோ ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

ஆடியில் மழை பெய்ததும், பொட்டல் முழுக்க மரக்கன்று நடலாம் என்றது எங்கள் குடியிருப்போர் சங்கம். புங்கை வேண்டுமென்று கேட்டிருந்தவளே நான்தான். இப்போது கூட்டத்தில் நானே எழுந்து வேண்டாம் என்றேன். வேன் ஓட்டுபவரான சங்கச் செயலாளர் திகைத்துப்போனார்.

"இன்னாம்மா, ஓணானுக்கோசரம் மரம் வாணான்றியா? அது மரத்துல தானே ஏறும்?"

"இது ஏறாதுண்ணா. தரையிலதான் ஓடும், மண்ணைத் தோண்டி முட்டை வைக்கும். மரத்தை ரோட்டோரமா வைப்போம். ஆவாரஞ்செடி இருக்கற அந்த மூலையை மட்டும் விட்டுடலாம்."

சிலர் சிரித்தார்கள். செயலாளர் மட்டும், "காலைல வரேன், காட்டு" என்றார்.

மறுநாள் வெயிலில் நெடுநேரம் குந்தியிருந்தோம். ஒன்றும் வரவில்லை. சவாரிக்கு நேரமாகிறதென்று அவர் எழுந்ததும், ஆவாரஞ்செடியடியிலிருந்து ஒன்று கிளம்பி, பின்னங்கால்களில் நிமிர்ந்து, அவர் செருப்பை ஒட்டி ஓடியது.

"ஐயே, ரெண்டு கால்ல ஓடுதும்மா!" என்று கத்தினார்.

கன்றுகள் சாலையோரம் போயின. பூங்காவில் பதித்த நடைபாதைக் கல்லை, அந்த மூலைக்கு வராமல் ஒரு பக்கத்தோடு நிறுத்தவைத்தவரும் அவர்தான். சுற்றியுள்ள மனைகளில் வீடுகள் எழும்பிக்கொண்டிருப்பதால் எனக்குக் கவலை இல்லாமல் இல்லை. ஆனால் புரட்டாசியில், நான் கம்பெனியில் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"குட்டி வந்துகீதும்மா! தீக்குச்சி சைஸ்ல கீது. வண்டிய அந்தாண்ட நிறுத்தக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்."