ஐயாவுக்கு யார் பொறுப்பு

ஐயாவு மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பிறந்ததும் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். பிரசவம் வீட்டிலேயே நடந்தது. பிறப்பைப் பதிய யாரும் டவுனுக்குப் போகவில்லை. வெகுகாலம் கழித்துப் பதிந்தபோது கிடைத்தது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. நாட்டில் தங்கலாம், வேலை செய்யலாம், ஆனால் குடிமகன் இல்லை. குடியுரிமைக்கு ஒருமுறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. மனைவி லெட்சுமிக்கும் மகள் தனேஸ்வரிக்கும் குடிமக்களுக்கான நீல ஐசி. தேர்தல் நாளில் இருவரையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு இவர் காரிலேயே உட்கார்ந்திருப்பார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், சேலை எடுக்கச் சென்னைக்குத்தான் போகவேண்டும் என்றார் லெட்சுமி. ஐயாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அலைந்து திரிந்து, குடிமகன் அல்லாதவர்களுக்குத் தரும் பயணப் பத்திரம் ஒன்றையும் விசாவையும் வாங்கினார். அவர் விமானம் ஏறியது அதுவே முதல் தடவை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், தி. நகர் நெரிசலில் லெட்சுமியின் தோள்பையை வாரோடு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பணம், கைப்பேசி, லெட்சுமியின் பாஸ்போர்ட், ஐயாவின் பயணப் பத்திரம் எல்லாம் அதில்தான். கையில் மிஞ்சியவை சேலைப் பைகள்.

போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, சென்னையிலுள்ள மலேசியத் தூதரக அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி மகேந்திரன், மலேசியாவில் தைப்பிங் ஊர்க்காரர். லெட்சுமியின் ஐசி எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தார்.

"ஆன்ட்டி, உங்களுக்குப் பிரச்சினை இல்லை. அவசரப் பத்திரம் தந்திடலாம். நாளைய விமானத்தைப் பிடிக்க முடியாது, புது டிக்கெட்டுப் பணத்தையும் கடனா ஏற்பாடு பண்ணலாம். ஊருக்குப் போய்க் கட்டிடணும்."

லெட்சுமிக்கு மூச்சு வந்தது. அடுத்து ஐயாவு தம் எண்ணைச் சொன்னார். மகேந்திரன் அதையும் தட்டிப் பார்த்தார்.

"அங்கிள் சிவப்பு ஐசியா?"

"ஆமா தம்பி."

"இந்த உதவி குடிமக்களுக்குத்தான் அங்கிள். உங்க விஷயத்தை மேலிடத்துக்கு எழுதிக் கேக்கிறேன். பதில் எப்ப வரும்னு சொல்ல முடியாது."

"வராமப் போனா?" என்றார் ஐயாவு.

மகேந்திரன் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"இவர் அங்கதான் பொறந்தாரு, அங்கதான் உழைச்சாரு," என்றார் லெட்சுமி. "எந்த அரசாங்கத்துக்கிட்ட தம்பி இவரு போய்க் கேக்கிறது?"

மகேந்திரன் தம் மேசைத் தொலைபேசியிலேயே தனேஸ்வரியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவள் அழவில்லை. "அப்பாவோட பத்திர நகல் வீட்டுல இருக்கு. எடுத்துக்கிட்டு நானே புத்ராஜெயா குடிநுழைவுத் தலைமை ஆபீசுக்குப் போறேன். பதில் சொல்ற வரைக்கும் நகர மாட்டேன்," என்றாள்.

அன்று மாலை விடுதி அறையில் ஐயாவு, "நீ கிளம்பு லெட்சுமி. கல்யாண வேலை கிடக்குது," என்றார்.

"உங்கள இங்க விட்டுட்டுப் போய், தாரை வார்க்கும்போது பக்கத்துல யாரை நிக்க வைப்பேன்?" என்று கேட்டுவிட்டுச் சேலைப் பைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினார் லெட்சுமி.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. விசாவும் முடியவிருந்தது. தினமும் காலையில் தூதரகத்துக்குப் போய் உட்காருவார்கள். மாலையில் வெறுங்கையோடு திரும்புவார்கள். விடுதிக்காரர் பழைய பாக்கியைக் கேட்கவில்லை என்றாலும் முகம் மாறியிருந்தது. ஒருநாள் விடுதியைச் சோதிக்க வந்த போலீஸ்காரர் ஐயாவிடம் பத்திரம் கேட்டார். இவர் புகார்ச் சீட்டைக் காட்டினார்.

"மலேசியாக்காரரா?"

"பொறந்தது அங்க. குடியுரிமை இல்லைங்க."

"அப்ப இந்தியாவா? தாத்தா ஊர் எது?"

"தெரியாதுங்க."

"இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. விசா முடிஞ்சா உங்கள எங்கய்யா அனுப்புறது?"

போலீஸ்காரர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அதன்பின் தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தாலே லெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

விசா முடிய இன்னும் ஒரே நாள் இருக்கையில், தூதரகத்தில் மகேந்திரன் உள்ளேயிருந்து தாமே எழுந்து வந்தார்.

"அனுமதி வந்திருச்சு அங்கிள். ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். உங்க மக அங்க தினமும் போய் உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு பேரு டிக்கெட்டுப் பணத்துக்கும் அவங்கதான் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

ஐயாவு எழுந்து கும்பிட்டார்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் லெட்சுமி குடிநுழைவு முகப்பைத் தாண்டிவிட்டார். ஐயாவின் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு குடிநுழைவு அதிகாரி உள்ளறைக்குப் போனார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேறு முகப்புக்கு மாறிப் போக, ஐயாவு தனியாக நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து லெட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை தூரம் வந்தும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தார்.

அதிகாரி திரும்பி வந்து முத்திரை குத்தினார். "போங்க பாக்சிக், வீட்டுக்குப் போங்க," என்று மலாயில், பெரியவரை அழைக்கும் மரியாதையோடு சொன்னார்.

மகளுக்கு ஐயாவும் லெட்சுமியும் சேர்ந்தே தாரை வார்த்தார்கள். கடனை மாதாமாதம் கட்டி முடித்தார்கள். மகேந்திரன் வற்புறுத்திச் சொல்லியிருந்ததால் ஐயாவு குடியுரிமைக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். இந்தமுறை தனேஸ்வரியும் கூடப் போனாள். பதில் இன்னும் வரவில்லை.