ஜக்கடி மூணும் அச்சேறாத திருத்தமும்

அச்சகத்தில் நம் இதழின் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஞானசிகாமணியின் மகள் ஜெபாவின் அழைப்பு வந்தது. “மாமா, அப்பா போயிட்டாவ” என்றாள். “காலையில சாயா குடிச்சாவ, பேப்பர் படிச்சாவ, அப்படியே சாஞ்சிட்டாவ.” முந்தின வாரம்தான் ஞானசிகாமணி என்னைப் பிடித்துத் திட்டிவிட்டுப் போயிருந்தார். திட்டுக்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுதினால் அது அவரை மறுபடி ஏமாற்றுவதாகும்.

நம் காலாண்டிதழின் வாசகர்களுக்கு அவரைச் சினிமாப் பாட்டுச் சொற்களை ஆராய்ந்தவராகத் தெரியும். பிழைப்புக்கு அவர் நாகர்கோவிலில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவர். பாட்டில் எல்லாரும் கூடச்சேர்ந்து கத்துகிற, ஆனால் ஒருவருக்கும் பொருள் தெரியாத சொற்கள்மேல் மனிதருக்கு அப்படி ஒரு பைத்தியம். வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுப் பேசிய காலத்தில், லைன் கிடைக்கக் காத்திருக்கும் இரண்டு நிமிடத்தில், அந்தப் பக்கத்து ஆப்பரேட்டரிடம், “சாரே, உங்க ஊர்ல இந்தச் சொல்லு உண்டுமா? யாரைப் பாத்துச் சொல்லுவாங்க?” என்று கேட்டுவிடுவார். முகம் தெரியாத எத்தனையோ குரல்கள் அவருக்குப் பதில் சொல்லியிருக்கின்றன.

‘பேமானி’ அப்படித்தான் அவருக்குக் கிடைத்தது. மெட்ராஸ் ரவுடிகள் உண்டாக்கிய சொல் என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூர் ஆப்பரேட்டர் ஒருவர், “அது எங்க உருது சார், ஈமான் இல்லாதவன், நேர்மை கெட்டவன்னு அர்த்தம்” என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலை ஞானசிகாமணி என் வீட்டுக்கே வந்து, பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார். “திட்டுக்கும் நல்ல குடும்பம் உண்டும், ஓய்” என்றார். நான் சாயா கொடுத்து என் தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அவரிடம் ஓர் அட்டை. எந்தப் பாட்டு, யாரிடம் கேட்டது, அவர் என்ன சொன்னார், அவருக்கு யார் சொன்னது. பாதிக்குமேல் அட்டைகளின் அடியில் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருக்கும். ஒருமுறை நம் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் ஒரு குத்துப்பாட்டுச் சொல்லைச் சங்க காலத்துக்கே கொண்டுபோய்விட்டார். கைதட்டல் அடங்கியதும் இவர் எழுந்து, “உங்களுக்கு அது யாரு சொன்னா சார்?” என்று பணிவாகக் கேட்டார். பேராசிரியருக்கு அன்று விருந்து இறங்கவில்லை. திரும்பும் வழியில் நான் கடிந்துகொண்டேன். “தெரியல்லன்னு சொல்லுகதுக்கு என்னவே வெக்கம்? பொய் சொல்லுகதுக்குல்லா வெக்கப்படணும்” என்றார்.

இனி ‘ஜக்கடி மூணு’. அந்தச் சொல் வரும் சினிமாப் பாட்டு வந்த காலத்தில் மினி பஸ் முதல் கல்யாண வீடு வரை அதுதான். காதலி முகத்தைத் திருப்பிக்கொள்ள, காதலன் ‘ஜக்கடி மூணு’ என்று ஆடுவான். ஏன் மூணு, எதற்கு ஜக்கடி, ஒருவருக்கும் தெரியாது. பல வருடம் கழித்து ஞானசிகாமணி ஒரு கடலோர ஊரில் மீன் ஏலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஏலம் விடுகிற சூசை, கடைசி விளியில் “ஜக்கடி மூணு!” என்று கத்திக் கூடையைத் தள்ளிவிட்டார். கேட்டதற்கு, “எங்க அப்பன் காலத்துலயே இப்பிடித்தான் சாரே” என்றார். கூட நின்ற நாலு பேரும் ஆமென்றார்கள். ஊர்ப்பெயரை நான் எழுதவில்லை. அங்கே நான் இன்னும் மீன் வாங்கப் போக வேண்டும்.

மீன் ஏலத்திலிருந்துதான் அந்தச் சொல் பாட்டுக்குப் போனது என்ற அவருடைய கட்டுரை நம் இதழில் வந்தது. அடேயப்பா, அப்படி ஒரு வரவேற்பை நாம் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. சென்னைப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன, டிவிக்காரர்கள் கேமராவோடு கடற்கரைக்கு வந்தார்கள். சூசை அவர்களுக்காக ஏழெட்டுத் தரம் கத்திக் காட்டினார். கோயில் திருவிழாவுக்கு ‘ஜக்கடி மூணு பிறந்த மண்’ என்று ஆளுயர பிளக்ஸ் வைத்தார்கள். இதழாசிரியர் என்று நானும் மேடையேறிச் சால்வை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் அந்த ஊருக்கு அருளப்பன் திரும்பி வந்தார். பாட்டு வருவதற்கு முன்பே கல்ஃபுக்குப் போய், இடையில் ஊர்ப்பக்கமே எட்டிப்பார்க்காதவர். வந்த மறுநாள் ஏலத்துக்குப் போய் நின்றவர், “இது என்ன சூசை புதுசாட்டு? ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னுல்லா சொல்லுவ?” என்று கேட்டிருக்கிறார். யாரோ இதைச் சிரிப்பாகச் சொல்ல, ஞானசிகாமணி முதல் பஸ்ஸைப் பிடித்தார். மூன்று நாள் வீடு வீடாக விசாரித்தார். விஷயம் இதுதான். பாட்டு வந்த புதிதில் சூசை விளையாட்டுக்கு அதை ஏலத்தில் கத்தியிருக்கிறார். ஜனம் சிரித்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பாட்டுத்தான் கடற்கரைக்கு வந்ததே தவிர, கடற்கரையிலிருந்து பாட்டுக்குப் போகவில்லை. “அவங்க பொய் சொல்லல்ல, ஓய். அப்பிடித்தான் அவங்களுக்கு ஞாபகம்” என்றார்.

திருத்தத்தை அவரே எழுதிக்கொண்டு வந்தார். நான் வாங்கி மேசை டிராயரில் போட்டேன். “ஊரே சந்தோசமா இருக்கு, எதுக்குவே கெடுக்கீரு?” என்றேன். ஊரின் சந்தோஷம் ஒரு சாக்கு. எனக்கு என் சால்வை பெரிதாக இருந்தது. அடுத்த இதழ் வந்ததும் புரட்டிப் பார்த்துவிட்டு, “போடல்லியா?” என்பார். இடமில்லை என்பேன். இப்படியே ஆறு இதழ்கள் கடந்துவிட்டன. முந்தின வாரம் வந்தவர், “தப்பு எம் பேருல நிக்கி. நீரு அதுக்குக் காவல் இருக்கீரு” என்று சொல்லிவிட்டு, வைத்த சாயாவைத் தொடாமல் போனார்.

கல்லறைத் தோட்டத்தில் சூசை நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். இதழில் வராது என்று தெரிந்தபின் ஞானசிகாமணி கடற்கரைக்கே போய், ஏலம் முடிந்ததும் எல்லார் முன்னாலும், “நான் எழுதினது தப்பு, மன்னிக்கணும்” என்றாராம். “எனக்குக் கோவம் வந்துட்டு சாரே. அப்ப எங்க அப்பன் பொய் சொன்னானான்னு ஏசிட்டேன். வீட்டுல போயி யோசிச்சா, எங்க அப்பன் மூணு தரம்னுதான் சொன்னது காதுல கேக்கு. அந்தப் பாட்டு வருமுன்னயே அப்பன் செத்தாச்சு. மறுநாளு சாருக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்க புக்குல அது வந்துட்டா?” என்றார். பெட்டியைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். “வரல்ல” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

டிராயரில் இருந்த தாள் இது. எழுத்து மாறாமல் தருகிறேன்: “ஜக்கடி மூணு என்ற சொல் மீன் ஏலத்திலிருந்து பாட்டுக்குப் போனது என்று இவ்விதழில் எழுதியிருந்தேன். அது தவறு. பாட்டிலிருந்தே ஏலத்துக்கு வந்திருக்கிறது. இப்பிழைக்கு ஊர்க்காரர்கள் பொறுப்பல்லர், சரியாக விசாரிக்காத நானே பொறுப்பு. பாட்டுக்கு அச்சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் எனக்கு எழுதவும்.”

இனி எனக்கு எழுதுங்கள். அவருடைய சொல் அட்டைகளில் ஒன்றை நினைவாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ஜெபா. நான் ஜக்கடி மூணு அட்டையை எடுத்து வந்தேன். அடியில் ‘தெரியவில்லை’. அதற்கும் கீழே பென்சிலில், ‘திருத்தம் கொடுத்தாயிற்று, வரும்’ என்று எழுதி வைத்திருக்கிறார். என்னை அவ்வளவு நம்பியிருக்கிறார் மனிதர்.

போட்டுட்டேன், ஓய்.