எனக்காக இன்னொரு சுற்று

பெரியம்மா மகள் விமானப்படையில் சேர்ந்தபோது எங்கள் மலையூர்களான அரியூர் நாட்டில் பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், விமானத்தில் சாப்பாடு பரிமாறும் வேலை கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் சரசரவென்று ஏறுகிற அக்கா விமானம் ஓட்டுவதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

பயிற்சியின்போது ஒருநாள், மலைக்குக் கீழே உள்ள சின்ன விமான நிலையத்தில் தனியாக வந்து இறங்கப்போவதாகவும், கேட்டில் கொஞ்ச நேரம் எங்களைப் பார்க்க அனுமதி வாங்கியிருப்பதாகவும் போன் செய்தாள். நாங்கள் காலை பஸ்ஸில் கிளம்பினோம். கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தேன். பெரியம்மா மடியில் தூக்குப்போசி நிறையப் பலாச்சுளை.

கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். உள்ளே ஓடுதளத்தின் ஓரமாக ஒரு டிராக்டர் புல் வெட்டிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து வானத்தில் கொசுவளவாக ஒன்று தெரிந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். விமானம் பெரிதாகி, சக்கரங்களை நீட்டியபடி தாழ்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்து டிராக்டர் ஓடுதளத்தின் குறுக்கே ஏறியது. ஏறி, நட்டநடுவில் அணைந்து நின்றுபோனது.

டிராக்டரை நானும் பார்த்தேன். ஆனால் மனசெல்லாம் அக்காமேல் இருந்தது. இரண்டு கையையும் வீசிக் கத்திக்கொண்டிருந்தேன்.

விமானத்தின் சத்தம் சட்டென்று மாறியது. தரையைத் தொடவிருந்த சக்கரங்கள் தொடாமலே எழும்பின. டிராக்டர்காரர் கீழே குதித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார். ஒரு பனைமர உயரம்கூட இல்லாமல் அவருக்கு மேலே விமானம் கடந்தது. அவருடைய துண்டு பறந்து எங்கேயோ போய் விழுந்தது. விமானம் தடுமாறாமல் ஒரே சீராக ஏறி, இடப்பக்கம் திரும்பிப் போனது. நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. அம்மா வேலிக்கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். பெரியம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்கள் ஓடிவந்து டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா சுற்றி வந்து, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல விமானத்தை இறக்கினாள்.

கேட்டுக்கு வந்தவளின் பச்சை உடை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. பெரியம்மா அவள் முகத்தையும் தோளையும் தடவிப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

“ஏனுங்கக்கா, நான் கை வீசுனதப் பாத்துட்டுத்தான மறுபடி மேல போனீங்க?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை, பெரியம்மாவைப் பார்த்தாள். “ஆமா சாமி. நீ நல்லாப் பாக்கோணும்னுதான் இன்னொரு சுத்து.”

“பாப்பா கேட்டா அவ என்னதான் செய்யமாட்டா” என்றாள் பெரியம்மா. போசியைத் திறந்து ஒரு சுளையை எடுத்து மகளுக்கு ஊட்டிவிட்டாள்.

அன்றைக்கே அக்கா அதே விமானத்தில் தனியாகத் திரும்ப வேண்டியிருந்தது. “போயிட்டு வா கண்ணு” என்று மட்டும் சொல்லிப் பெரியம்மா அனுப்பிவைத்தாள்.

ஊருக்கு வந்து வீடு வீடாகப் போய்ப் பெருமையடித்தேன். சந்தேகப்பட்டவர்களிடம் பெரியம்மாவே ஆமாம் என்று தலையாட்டினாள். அக்கா அந்தப் பதிலைச் சொன்னது தன் அம்மாவுக்காக என்றும், பெரியம்மா அதை ஒரு சொல்கூட நம்பாமல்தான் மகளைத் திரும்பவும் மேலே அனுப்பினாள் என்றும் அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் துணிச்சல்காரி அக்கா ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.