மரத்தூள் அடுப்பில் குழைந்த சேவல்

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் வரைக்கும் என் மாமனார் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. வருவார், மகளைப் பார்ப்பார், மோர் கொடுத்தால் குடிப்பார். இலை போட்டுக் கறிச்சோறு வைத்தால் மட்டும், "வயிறு மந்தமா கீதும்மா" என்று எழுந்துவிடுவார். தலைப்பொங்கலுக்குச் சீர் கொண்டு வந்தவர் அன்றைக்கும் அப்படியே போனார். என் மனைவி அந்த இலையை எடுக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வைத்த தொடைக்கறி வைத்தபடியே இருந்தது.

சம்பந்தம் பிடிக்கவில்லை, அதான் சாப்பிடாமல் போகிறார் என்று பக்கத்து வீடுகளில் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் பாகூர் பக்கம் கரும்பும் நெல்லும் வைத்தவர். நான் ஒதியம்பட்டிலிருந்து வில்லியனூர் மரவாடிக்கு சைக்கிள் மிதித்துப் போய் மரம் அறுக்கிறவன். நிலமென்று ஒரு துண்டு கிடையாது.

மரவாடி வேலையில் ஒரு லாபம் உண்டு. மரத்தூள் சும்மா கிடைக்கும். எங்கள் வீட்டில் மரத்தூள் அடுப்புதான். பழைய தகர டின்னின் அடிப்பக்கம் ஒரு ஓட்டை போட்டு, அதற்குள் ஒரு கட்டையும் மேலிருந்து ஒரு கட்டையும் செருகி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடித்து நிரப்ப வேண்டும். கட்டைகளை உருவிவிட்டால் நடுவில் வழி விட்டிருக்கும். கீழே ஒரு துணுக்கு நெருப்பு வைத்தால் போதும், பாதி நாள் கனன்றுகொண்டே இருக்கும். ஊத வேண்டாம், தள்ள வேண்டாம். தேக்குத்தூள் கண்ணைக் கரிக்கும். மாமரத்தூள் நல்லது, புகையே வாசனையாக இருக்கும். எதையோ சொல்ல வந்து அடுப்புக்குப் போய்விட்டேன். ஆனால் இந்த அடுப்பு இல்லாமல் அந்தக் கதையும் இல்லை.

ஒரு சந்தை நாளில் மாமனாரை வில்லியனூர் ரயில் கேட் பக்கத்து டீக்கடையில் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பொறை ரொட்டியை டீயில் ஊறப்போட்டு, கஞ்சியாகக் கரைந்ததும் விரலால் வழித்து வாயில் விட்டுக்கொண்டார். வாயைத் திறந்தபோது பார்த்தேன். முன்னால் நாலைந்து பல், பின்னால் இரண்டு பக்கமும் ஒன்றுகூட இல்லை. சிரித்தால் தெரியாது. மெல்ல முடியாது.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. பெண் பார்க்கப் போன அன்று, முழுக் கரும்பைக் கடைவாயில் கொடுத்து உரித்துக் காட்டியவர் அவர். "இன்னா மாப்ளே, உன்னால ஆவுமா?" என்று என்னைக் கிண்டல் செய்தார். கல்யாணத்துக்குள்ளேயே அந்தக் கடைவாய்ப் பல்லெல்லாம் போயிருக்க வேண்டும். அதற்கப்புறம் மகளுக்குக் கட்டுக் கட்டாகக் கரும்பு கொண்டு வருவார், தான் ஒரு கணு கடித்ததில்லை. வெற்றிலையைக்கூட சாமிக்கு வேண்டிக்கொண்டு விட்டுவிட்டேன் என்று சொன்னார்.

பல் போய்விட்டதா என்று கேட்டுவிட முடியாது. எங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தாலே அந்த மனுஷர் வாசல் மிதிக்க மாட்டார். எலும்பைத் தள்ளிவிட்டு வெறும் கறியாகப் பிய்த்து வைக்கவும் முடியாது. விருந்தாளிக்குத் தொடை வைப்பதுதான் மரியாதை. உதிர்ந்த கறியை வைத்தால் யாரோ தின்ற மிச்சம் போலிருக்கும்.

மரவாடியில் என்னோடு மரம் தூக்கிய பெரியவர் ஒருவர் முன்பு பாண்டியில் வெள்ளைக்காரர் வீட்டு குசினியில் சமையல் செய்தவர். பல் இல்லாதவர்களுக்குக் கறி எப்படி ஆக்குவது என்று அவரிடம் கேட்டேன்.

"கெழவிங்களுக்கு ஆக்குவோம்பா. நெருப்பு தெரியாம வேவணும். கத்தியே வெக்காத, தானா பிஞ்சி வரும். புளிப்பும் இனிப்புமா கொழம்பு காய்ச்சி அதுல பெரட்டு" என்றார்.

அடுத்த பொங்கல் வந்தது. கறி ஆக்கும் கரிநாளன்று மாமனார் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். "இன்னிக்கு நான் ஆக்கறேன்" என்றேன் மனைவியிடம்.

"கட்ட அறுக்கறவரு கறி ஆக்கப் போறாராம்! நான் ஆக்கியே துன்னல, நீ ஆக்கியா துன்னப் போறாரு?"

"அதான், கை மாறிப் பாக்கலாம்."

அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவைப் பார்த்ததுமே கண் கலங்கிவிடும்.

விடிந்ததும் தோட்டத்தில் மாமரத்தூள் இடித்து அடுப்பைப் பற்றவைத்தேன். முற்றின சேவல். முழுசாக மண்சட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி மேலே மண் பூசினேன். இன்னொரு சட்டியில் புளிக்கரைசல், மாமனார் கொடுத்தனுப்பிய வெல்லம், ஊறவைத்து அரைத்த மிளகாய், பூண்டு, தக்காளி, பாய் கடையில் காடி என்று விற்கும் வினிகர் ஒரு சொட்டு. கரண்டியில் ஒட்டும் வரை காய்ச்சினேன். உச்சிவேளையில் சட்டியைத் திறந்தால், தொட்ட இடமெல்லாம் சதை நார் நாராகக் கழன்றது. எலும்பையெல்லாம் எடுத்துவிட்டு அந்தக் குழம்பில் போட்டுப் பிரட்டினேன்.

மாமனார் இலை முன்னால் உட்கார்ந்தார். என் மனைவி சட்டியைத் திறந்து பார்த்தாள்.

"அடப்பாவி! இன்னாய்யா இது? தொடை எங்க, எலும்பு எங்க? நைனாவுக்கு இத்தயா வெப்பாங்க?"

"கண்ணசந்துட்டேன் புள்ள. கொழஞ்சிபோச்சி. எலும்பெல்லாம் கழண்டுகிச்சி, பொறுக்கிப் போட்டுட்டேன்" என்றேன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"ஊர்ல எவனாவது கோழிய இப்படிக் களியாக்குவானா? வருஷத்துல ஒரு நாளு!" அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

மாமனார் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "வுடும்மா" என்றார். "தெனம் மரம் தூக்கற ஒடம்பு, அசந்துட்டான். ஆக்கனத கொட்டவா முடியும்? போடு."

ஒரு வாய் எடுத்தார். நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினார், கரைந்தது. "உப்பு கம்மி" என்றார். இன்னொரு வாய். "கோழி மாதிரியே இல்ல மாப்ளே." இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். திட்டிக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கினார். இலையில் ஒரு நாரும் மிச்சமில்லை.

என் மனைவி கையில் கரண்டியோடு நின்று அவர் வாயசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தன் பங்குக் கறியையும் வழித்து அவர் இலையில் வைத்தாள்.

கை கழுவிவிட்டு வந்து, "ஏம்பா, இனிமேலாவது அடுப்பண்ட தூங்காத" என்று சொல்லி பஸ்ஸுக்குப் போனார்.

மாசி மாதம் மறுபடியும் வந்தார். ஒரு தோளில் கரும்புக் கட்டு, மறுகையில் கால் கட்டிய சேவல். வாசலுக்கு ஓடிவந்து சேவலை வாங்கக் கை நீட்டினாள் மகள். அவளைத் தாண்டி வந்து என் கையில் கொடுத்தார்.

"நீயே ஆக்கு மாப்ளே. அவகிட்ட குடுத்தா பதமா ஆக்கிடுவா."